1.2 மீட்டர் காற்றாலை: செய்வது, நிறுத்துவது, அளப்பது

பிவிசி பைப்பை வெட்டி இறக்கை செய்து, பழைய மோட்டாரில் மாட்டி, மல்டிமீட்டரில் 40 வோல்ட் காட்டும் வீடியோக்கள் ஏராளம். அந்த 40 வோல்ட்டில் ஒரு பல்புகூட எரியாமல் போகலாம். எதையும் இணைக்காமல் அளந்த வோல்ட் அது. கரண்ட் எடுக்க ஆரம்பித்ததும் அதில் எவ்வளவு நிற்கும், இறக்கை எவ்வளவு மெதுவாகும், அப்போது எத்தனை வாட் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. அதற்கு இறக்கையும் மோட்டாரும் பேட்டரியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இங்கே சொல்லப்போவது 1.2 மீட்டர் விட்டம், 24 வோல்ட் பேட்டரி, 8 மீட்டர் கம்பம் கொண்ட ஒரு சின்னக் காற்றாலை. வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை இருக்கும். மற்றதை வீட்டில் செய்துகொள்ளலாம்.

முதலில் கணக்கு

காற்றில் உள்ள சக்தி என்பது, காற்றின் அடர்த்தியில் பாதியை இறக்கை சுற்றும் வட்டத்தின் பரப்பால் பெருக்கி, வேகத்தால் மூன்று முறை பெருக்கினால் வருவது. நம் ஊர் வெப்பத்தில் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 1.16 கிலோ. 1.2 மீட்டர் விட்டத்துக்குப் பரப்பு 1.13 சதுர மீட்டர். ஆக, வேகத்தின் மும்மடியை 0.656-ஆல் பெருக்கினால் போதும். காற்று இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. இந்தத் தொழிலின் மொத்த ஆசையும் மொத்த ஆபத்தும் இந்த எட்டு மடங்கில்தான் இருக்கிறது.

காற்றில் உள்ள இந்தச் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருடங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கையால் வெட்டிய பிவிசி இறக்கை, ஹப் மோட்டார் (சைக்கிள் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்), டையோடு, வயர் எல்லாவற்றின் இழப்பும் போக 20 சதவீதம் கிடைத்தாலே நல்ல வேலை.

| காற்று (மீ/வி) | காற்றில் உள்ளது (வாட்) | பேட்டரிக்கு எதிர்பார்க்கலாம் (வாட்) |
|---|---|---|
| 3 | 18 | 0 – 3 |
| 4 | 42 | 7 – 9 |
| 5 | 82 | 15 – 20 |
| 6 | 142 | 25 – 33 |
| 8 | 336 | 50 – 75 |

நல்ல காற்றுள்ள இடத்தில், சீசனில், ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்கு மேல் வந்தால் சந்தோஷப்படலாம். 150 வாட் சோலார் பேனல் ஒன்று கிட்டத்தட்ட அதே அளவை வருடம் முழுக்க, சத்தமில்லாமல், சுற்றும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் தந்துவிடும். பணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் என்றால் பேனல் வாங்குங்கள். சாரல் நாட்களிலும் ராத்திரியிலும் மின்சாரம் வேண்டும், அல்லது கையால் செய்து பார்க்க ஆசை என்றால் மேலே படியுங்கள்.

இடம்

தமிழ்நாட்டில் காற்று என்றால் கணவாய்தான். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் என மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியாக மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாய்கிறது. முப்பந்தலிலும் உடுமலை, பல்லடம் பக்கமும் காற்றாலைகள் குவிந்திருப்பது இதனால்தான். ஆனால் பெரிய காற்றாலை நிற்கும் ஊர் என்பதாலேயே உங்கள் தோட்டத்தில் காற்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் வரைபடங்கள் 100, 120 மீட்டர் போன்ற உயரங்களுக்கானவை. 100 மீட்டரில் 7 மீ/வி என்றால், 8 மீட்டரில் அது 4.2-இலிருந்து 4.9-க்குள் இறங்கிவிடும். மும்மடிக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான் மிச்சம்.

எனவே மோட்டார் தேடுவதற்கு முன் காற்றை அளங்கள். கிண்ணம் சுற்றும் சின்ன வேகமானி ஒன்றை நீளமான பைப்பின் முனையில் கட்டி, நிறுத்தப்போகும் இடத்தில், நிறுத்தப்போகும் உயரத்தில் சீசனில் சில வாரம் பாருங்கள். அதுவரை கண்ணால் ஒரு மதிப்பு போடலாம்: இலைகளும் சிறு குச்சிகளும் விடாமல் ஆடினால் 3.4 முதல் 5.4 மீ/வி, புழுதியும் காகிதமும் எழும்பி, சிறு கிளைகள் ஆடினால் 5.5 முதல் 7.9, இலையுள்ள சிறு மரங்கள் முழுசாக ஆடத் தொடங்கினால் 8-க்கு மேல். மூன்றாவது நிலையை சீசனிலும் எப்போதாவதுதான் பார்க்கிறீர்கள் என்றால் இந்த வேலையை விட்டுவிடலாம்.

தடை எதுவும் அதன் உயரத்தைப் போல இரு மடங்கு மேலேயும், இருபது மடங்கு தூரம் காற்றுப் போகும் திசையிலும் காற்றைக் கலக்கிவிடும் என்பது பழக்கக் கணக்கு. 10 மீட்டர் தென்னந்தோப்புக்குக் கிழக்கே 50 மீட்டரில் கம்பம் நட்டால், மேற்குக் காற்று வீசும்போது இறக்கை திசை தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடியைப் பலரும் முதலில் நினைக்கிறார்கள். சுவரில் மோதிய காற்று மாடி விளிம்பில் சுழன்று ஏறும். அதோடு, சின்ன அதிர்வுகூடக் கான்கிரீட் வழியாகப் படுக்கையறைக்குள் உறுமலாக இறங்கும். மாடி வேண்டாம்.

மோட்டார்

மின்சார சைக்கிளின் ஹப் மோட்டார் நல்ல தேர்வு. காந்தம் உள்ளேயே இருக்கிறது, குறைந்த சுற்றிலேயே வோல்ட் தருகிறது, மழை தாங்கும். கார் ஆல்டர்னேட்டர் வேண்டாம். ஆயிரத்துக்கு மேல் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) கேட்கும், உள் சுருளுக்குத் தனியாகக் கரண்ட்டும் தின்னும். பிரின்டர் ஸ்டெப்பர் மோட்டார் எல்இடி எரித்துக் காட்ட மட்டும் சரி.

ஹப் மோட்டாரில் இரண்டு வகை உண்டு. உள்ளே பல்சக்கரம் உள்ளது சிறியது, லேசானது. ஆனால் ஒரு பக்கம் சுற்றினால் உள்ளே எதுவும் சுற்றாது. நமக்கு வேண்டியது பல்சக்கரம் இல்லாத நேரடி வகை. கடையிலேயே பார்த்துவிடலாம். மூன்று தடித்த வயர்களையும் சேர்த்து முறுக்கிவிட்டு ஹப்பைக் கையால் சுற்றுங்கள். இரண்டு திசையிலும் சேற்றில் சுற்றுவதுபோல் கனமாக இருந்தால் மோட்டார் நல்லது. பிரித்ததும் லேசாக ஓட வேண்டும். ஐந்து மெல்லிய வயர்கள் சென்சாருக்கானவை, நமக்குத் தேவையில்லை.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. மூன்று வயரையும், ஏசியை டிசியாக மாற்றும் மூன்று பேஸ் பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் இணைத்து, டிசி பக்கம் மல்டிமீட்டர் வையுங்கள். போனில் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு நொடிக்கு ஒரு சுற்று, அதாவது 60 ஆர்பிஎம், சீராகச் சுற்றுங்கள். வரும் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் ஹெர்ட்ஸ் இருந்தால் இரண்டு பேஸ் வயர்களுக்கு நடுவே அதையும் அளந்துகொள்ளுங்கள். நொடிக்கு ஒரு சுற்றில் வரும் ஹெர்ட்ஸ்தான் மோட்டாரின் காந்த ஜோடி எண்ணிக்கை. 23 என்று அடிக்கடி வரும். பின்னால் கம்பத்தின் மேலே சுற்றும் ஆர்பிஎம்மைக் கீழிருந்தே கண்டுபிடிக்க இது உதவும்: ஹெர்ட்ஸை 60-ஆல் பெருக்கி 23-ஆல் வகுத்தால் போதும்.

பொருத்தம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். செய்து முடித்தபின் ஏமாற்றமடைகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

இறக்கை நுனியின் வேகத்தைக் காற்றின் வேகத்தால் வகுத்தால் வருவது முனைவேக விகிதம். நாம் செய்யப்போகும் மூன்று இறக்கைச் சக்கரம் 4-க்கும் 5-க்கும் இடையில் நன்றாக வேலை செய்யும். சுமை இல்லாவிட்டால் 6, 7 வரை ஓடும். 3 மீ/வி காற்றில், சுமையில்லாமல், 1.2 மீட்டர் சக்கரம் 300 ஆர்பிஎம் அளவில் சுற்றும். அந்தச் சுற்றில் மோட்டார் பேட்டரியின் வோல்ட்டைத் தொட வேண்டும். 24 வோல்ட் பேட்டரி சும்மா நிற்கும்போது சுமார் 25, ரெக்டிஃபையர் விழுங்குவது சுமார் 1.4, ஆக 26.4 வோல்ட். 300 ஆர்பிஎம்முக்கு 26.4 என்றால் 60 ஆர்பிஎம்முக்கு 5.3.

அதாவது கைச்சோதனையில் 5 முதல் 6 வோல்ட் வந்தால் அது 24 வோல்ட் பேட்டரிக்கான மோட்டார். 2.5 முதல் 3 வந்தால் 12 வோல்ட் பேட்டரிக்குப் போங்கள். 36 வோல்ட் சைக்கிள் மோட்டார் சுமார் 9 வோல்ட் தரும். அதை அப்படியே 24 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் 180 ஆர்பிஎம்மிலேயே சார்ஜ் ஆரம்பித்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பேட்டரி வோல்ட்டை ஏற விடாது. வோல்ட் ஏறாவிட்டால் சுற்றும் ஏறாது. காற்று 6 மீ/வி ஆனாலும் சக்கரம் அதே 200-ஐச் சுற்றியே திணறும். முனைவேக விகிதம் 2-க்கு வந்துவிடும். இறக்கையின் மேல் காற்று ஒட்டாமல் பிய்ந்து போகும். இரைச்சல் வரும், வாட் வராது.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மோட்டாரைத் திறந்து, மூன்று சுருள்களும் ஒன்றுசேரும் ஸ்டார் முடிச்சைக் கண்டுபிடித்துப் பிரித்து, டெல்டாவாக, அதாவது முக்கோணமாக, மாற்றிக் கட்டினால் வோல்ட் 1.73 மடங்கு குறையும். 9 வோல்ட் 5.2 ஆகிவிடும். மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் இது தெரிந்த வேலை. திறக்கும்போது காந்தம் விரலை நசுக்கும், கவனம்.

எவ்வளவு பொருத்தினாலும் 7, 8 மீ/விக்கு மேல் பேட்டரி சக்கரத்தை இழுத்துப் பிடிக்கத்தான் செய்யும். அதற்கேற்ற எம்பிபிடி கன்ட்ரோலர் (அதிக வாட் கிடைக்கும் வோல்ட்டைத் தானே தேடிப் பிடிக்கும் கருவி) வைத்து அந்த இழப்பைக் குறைக்கலாம். நான் பரிந்துரைப்பதில்லை. பலத்த காற்றில் வேகம் கட்டுக்குள் இருப்பது பிவிசி இறக்கைக்கு நல்லது. பத்து வாட் போனால் போகட்டும்.

இறக்கை

160 மிமீ பிவிசி பைப், 55 செ.மீ நீளம். சுவர் 4 மிமீக்குக் குறையக் கூடாது; கழிவுநீருக்கான மெல்லிய பைப் பலத்த காற்றில் மடங்கிக் கம்பத்தில் அடிக்கும். சுற்றளவு சுமார் 50 செ.மீ. நெடுக நாலாக வெட்டினால் 12.5 செ.மீ அகலத்தில் நான்கு பட்டை: மூன்று இறக்கை, ஒரு உதிரி.

பட்டையின் ஒரு நெடுக்கு ஓரத்தைத் தொடாதீர்கள். அது நேராகவே இருக்கட்டும். அடிப்பக்கம் 10 செ.மீ முழு அகலம். அங்கிருந்து மறு ஓரத்தில் சாய்வாகக் கோடு போட்டு, நுனியில் 4.5 செ.மீ அகலம் மிஞ்சும்படி வெட்டுங்கள். உள்மூலை எங்கே வருகிறதோ அங்கே முதலில் ஒரு துளை போட்டுவிட்டு அதுவரை மட்டும் ஆக்சா பிளேடால் வாருங்கள். கூரான உள்மூலையில்தான் விரிசல் தொடங்கும். மூன்றையும் ஒரே அட்டை அச்சை வைத்து, பைப்பின் வெளிப்புறத்தில், ஒரே திசையில் வரையுங்கள். ஒன்று மாறினாலும் அது இடக்கை இறக்கையாகிவிடும்.

எந்த ஓரம் முன்னே போக வேண்டும்? குழிந்த பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை. நேர் ஓரம் பின்னோரம். சாய்வாக வெட்டியது முன்னோரம். பலர் இதைத் தலைகீழாக மாட்டுகிறார்கள். இறக்கையின் அடிப்பகுதி காற்றை நோக்கி அதிகம் சாய்ந்தும், நுனி கிட்டத்தட்டத் தட்டையாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் நுனிதான் வேகமாகப் போகிறது. பைப்பின் வளைவு அந்த முறுக்கை இலவசமாகத் தருகிறது, நேர் ஓரம் பின்னால் இருந்தால் மட்டும். திருப்பிப் போட்டால் நுனி அதிகம் சாய்ந்து, அடி தட்டையாகி, முறுக்கு எதிர்த்திசைக்குப் போய்விடும். அப்போதும் சுற்றும், ஆனால் மெதுவாக.

முன்னோரத்தை அரத்தால் உருட்டையாக்குங்கள். பின்னோரத்தைச் சீவி 1 மிமீக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் உப்புத்தாள். வெயில் பிவிசியை நொறுங்க வைக்கும், அதனால் பெயின்ட் அவசியம். வெளிர் நிறம் நல்லது.

மோட்டாரின் டிஸ்க் பிரேக் மாட்டும் ஆறு துளைகளில் 4 மிமீ இரும்புத் தகட்டால் ஆன 20 செ.மீ வட்டத்தட்டைப் பிடித்து, அதன்மேல் இறக்கைகளை மாட்ட வேண்டும். தட்டு தட்டை, பைப் வளைவு. நடுவே வளைவுக்கேற்பச் செதுக்கிய மரத்துண்டு வைத்து, ஒவ்வொரு இறக்கைக்கும் மூன்று 6 மிமீ போல்ட், அகல வாஷர், அதிர்வில் தளராத நைலாக் நட் போடுங்கள். மரத்துண்டைச் சீவும்போது பார்க்க வேண்டியது நுனியின் சாய்வு: சுழலும் தளத்தோடு 3 முதல் 5 டிகிரி, முன்னோரம் காற்றுப் பக்கம். போனிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியே போதும். மூன்றும் ஒரே அளவாக இருப்பது, 3-ஆ 5-ஆ என்பதைவிட முக்கியம். நுனிக்கு நுனி தூரம் மூன்றும் 103.9 செ.மீ வர வேண்டும். 2 மிமீ வித்தியாசம் பொறுக்கலாம்.

பிறகு சமன். மாட்டும் முன்பே சமையலறைத் தராசில் மூன்றையும் நிறுத்து, கனமானதன் பின்னோரத்தை அரம் போட்டு ஒன்றாக்குங்கள். மாட்டிய பிறகு சக்கரத்தை மோட்டாரிலிருந்து கழற்றி, நடுத்துளை வழியாக வழவழப்பான கம்பியில் தொங்கவிட்டு, எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு இறக்கை எப்போதும் கீழே வந்தால் எதிர்ப்பக்கம் தட்டில் வாஷர் சேருங்கள். இதில் பொறுமை காட்டாதவர்கள் பிறகு கம்பத்தின் ஆட்டத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால்: 10 மீ/வி காற்றில் சுமை அறுந்துபோனால் நுனி 60 மீ/வியைத் தொடும், அதாவது மணிக்கு 216 கிலோமீட்டர். 300 கிராம் இறக்கை அப்போது தன் போல்ட்டை 80 கிலோவுக்கு மேற்பட்ட எடையோடு இழுக்கும். சுற்றும் சக்கரத்தின் பக்கவாட்டில், இறக்கை பறந்தால் போகும் திசையில், யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

தலை, வால், கம்பம்

மோட்டாரின் அச்சு சுற்றாது, கூடுதான் சுற்றும். வயர் வரும் பக்கத்து அச்சுமுனையைத் தடித்த பட்டையில் இறுகப் பிடித்து, மறுபக்கம் இறக்கை. அச்சின் தட்டையான பாகங்கள் பட்டையின் துளையில் கச்சிதமாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் ஒருநாள் அச்சே திரும்பி வயரை முறுக்கி அறுத்துவிடும்.

மோட்டாரும் இறக்கையும் வாலும் சேர்ந்ததுதான் தலை. அது காற்றுக்கேற்பத் திரும்புவதற்கு பேரிங் வேண்டாம். ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப்பின் மேல் இரண்டு இஞ்ச் பைப் துண்டு லேசான இடைவெளியோடு சரியாக நுழையும். 30 செ.மீ துண்டு, மேலே மூடிய தட்டு, உள்ளே நிறைய கிரீஸ், போதும். வயரை நடுத்துளை வழியாகப் பைப்புக்குள் கீழே விடுங்கள். சிலிப் ரிங் (சுற்றிக்கொண்டே கரண்ட் கடத்தும் வளையம்) எல்லாம் தேவையில்லை. வயர் வருடத்தில் சில முறைதான் முறுக்கிக்கொள்ளும், கீழே ஒரு பிளக் வைத்து அவிழ்த்துவிடலாம்.

வால் 70 செ.மீ நீளக் குழாய், முனையில் 25-க்கு 30 செ.மீ தகடு. இதை நிலையாக வெல்டு செய்வது எளிய வழி. பலத்த காற்றில் தானாக முகம் திருப்பிக்கொள்ள வேண்டுமென்றால், மோட்டாரின் மையத்தைத் தலை திரும்பும் அச்சிலிருந்து பக்கவாட்டில் சுமார் 10 செ.மீ தள்ளி வைத்து, வாலை 20 டிகிரி சாய்ந்த கீலில் தொங்கவிட வேண்டும். காற்றின் தள்ளல் ஒரு அளவைத் தாண்டினால் தலை பக்கவாட்டில் திரும்பும், வால் மேலே ஏறும். காற்று தணிந்ததும் வாலின் எடையே தலையைத் திருப்பிக் கொண்டுவரும். ஸ்காட்லாந்தின் ஸ்கோரேக் தீபகற்பத்தில் ஹியூ பிகாட் பல பத்தாண்டுகளாகச் செய்து, உலகம் முழுக்கக் கற்றுக்கொடுத்த முறை இதுதான். ஆளில்லாத தோட்டத்தில் விட்டுவிட்டு வருவதாக இருந்தால் இது கட்டாயம். பக்கத்திலேயே இருப்பவர்கள் கையால் நிறுத்தும் பிரேக்கோடு முதல் சீசனை ஓட்டலாம்.

கம்பத்துக்கு இரண்டு இஞ்ச் ஜிஐ பைப் 6 மீட்டர். அதற்குள் ஒரு மீட்டர் நுழைத்து போல்ட் போட்ட ஒன்றரை இஞ்ச் பைப் 3 மீட்டர். மொத்தம் 8 மீட்டர். அடியில் கீல் வைத்துப் படுக்கவைத்து எழுப்பும் கம்பமாகவே செய்யுங்கள். மேலே ஏறி வேலை பார்க்கும் கம்பம் என்ற பேச்சே வேண்டாம். நான்கு பக்கம் ஸ்டே கம்பி, ஒன்று இணைப்புக்கு அருகில், இன்னொன்று 7 மீட்டரில். அதற்கு மேலே போனால் இறக்கை உரசும். தரையில் நங்கூரம் கம்பத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி, கான்கிரீட்டில். மணிக்கு 90 கிலோமீட்டர் காற்றில் சுற்றும் சக்கரத்தின் மேல் மட்டும் 35 கிலோவுக்கு மேல் தள்ளல் வரும், அதற்கேற்ற டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) வாங்குங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பி மேல் விழாத தூரம், குறைந்தது கம்ப உயரத்தின் ஒன்றரை மடங்கு, இருக்க வேண்டும். இடிக்கு எர்த் ராடு ஒன்று கம்ப அடியிலேயே. எழுப்பும்போது பக்கவாட்டில் இரு பக்கமும் கம்பியைப் பிடிக்க ஆள் வேண்டும். காற்றில்லாத காலை நேரம் பாருங்கள்.

வயரிங்

கம்ப அடியில் ஒரு பெட்டி: முதலில் மூன்று போல் எம்சிபி, அதன் மறுமுனைகள் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். அதை ஆன் செய்தால் மூன்று பேஸும் ஷார்ட் ஆகும், அதுதான் பிரேக். அடுத்து 35 ஆம்பியர் பிரிட்ஜ், அலுமினியத் தகட்டில். அங்கிருந்து பேட்டரிக்கு டிசி. 20 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மிமீ செம்பு வயர் போட்டால் 6 ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் இழப்பு, ஏற்றுக்கொள்ளலாம். பேட்டரி முனையில் 15 ஆம்பியர் ஃபியூஸ்.

சோலார் சார்ஜ் கன்ட்ரோலரை இதில் மாட்டாதீர்கள். பேட்டரி நிறைந்ததும் அது பேனலைத் துண்டித்துவிடும். பேனலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. காற்றாலையைத் துண்டித்தால் சுமை போய், சக்கரம் வெறிபிடித்து ஓடும், வோல்ட் 80-ஐத் தாண்டும். காற்றாலை எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டும். மிகுந்ததை மட்டும் வேறெங்காவது எரிக்க வேண்டும். வோல்ட் பார்த்து இயங்கும் ரிலே ஒன்றை 28.5-இல் ஆன், 26.5-இல் ஆஃப் என்று வைத்து, பேட்டரிக்குக் குறுக்கே ஒரு சுமையைச் சேர்த்துவிடுங்கள். 24 வோல்ட் லாரி ஹெட்லைட் பல்பு இரண்டு சேர்ந்தால் 150 வாட் அளவு வரும், எரிவதும் தெரியும். பல்பு ஃபியூஸ் போனால் ஆபத்து என்பதால் நிரந்தரத்துக்கு 5 ஓம் அளவில் நிக்ரோம் கம்பிச் சுருளே மேல். அது சூடாகும் இடத்தில் பேட்டரியோ மரமோ இருக்கக் கூடாது.

இணைக்கும்போது பேட்டரி முதலில், காற்றாலை பிறகு. கழற்றும்போது பிரேக் முதலில்.

சோதனை

கம்பத்தை எழுப்பும்போது பிரேக் ஆனில் இருக்கட்டும். 3, 4 மீ/வி காற்றுள்ள நாளில் விடுவியுங்கள். சக்கரம் கிளம்ப வேண்டும். கிளம்பியதும் வாட்டைப் பார்க்காதீர்கள். முதல் அரை மணி நேரம் பிரேக்கை மட்டும் சோதியுங்கள். ஆன் செய்ததும் சில நொடிகளில் இறக்கையை எண்ணும் அளவுக்கு வேகம் விழ வேண்டும். 4 மீ/வியில் ஒரு தடவை, 5-இல், 6-இல் என்று படிப்படியாக. ஏதாவதொரு வேகத்தில் தயங்கினால் அதற்கு மேற்பட்ட காற்றில் ஓட்டக் கூடாது. ஓடும் சக்கரத்தை ஷார்ட் செய்து நிறுத்துவது மிதமான காற்றில்தான் நம்பகமானது. புயல் எச்சரிக்கை வந்தால் காற்று ஏறுவதற்கு முன்பே நிறுத்துங்கள், முடிந்தால் கம்பத்தைப் படுக்க வைத்துவிடுங்கள்.

அடுத்து அதிர்வு. கம்பத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு சுற்றில் மட்டும் உறுமி, தாண்டியதும் அடங்கினால் அது கம்பத்தின் இயல்பு அதிர்வு. ஸ்டே கம்பியின் இறுக்கத்தை மாற்றினால் நகரும். வேகம் ஏற ஏற ஆட்டமும் ஏறினால் இறக்கைச் சமன் சரியில்லை, இறக்கிவிடுங்கள். அடித்தொண்டையில் முனகுவதுபோல் ஒலி வந்தால் ஒரு பேஸ் வயர் விட்டுப்போயிருக்கும்.

இப்போது அளவு. சைக்கிள், டிரோன் கடைகளில் கிடைக்கும் டிசி வாட் மீட்டரைப் பேட்டரிப் பாதையில் போடுங்கள். வோல்ட், ஆம்பியர், வாட், வாட்-மணி எல்லாம் காட்டும். வேகமானியைச் சக்கரத்தின் உயரத்திலேயே, தனிக் கம்பியில், சக்கரத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி, காற்று வரும் பக்கம் வையுங்கள். பெரிய காற்றாலைகளைச் சோதிக்கும் சர்வதேச முறையிலும் இரண்டரை விட்டத் தூரம்தான் கணக்கு. இரண்டு டிஸ்பிளேவையும் ஒரே சட்டத்தில் போனால் வீடியோ எடுத்துக்கொண்டால் தனியாக டேட்டா லாகர் வேண்டாம்.

கண நேர எண்களைக் குறிக்காதீர்கள். காற்று ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றிரண்டு நொடி கழித்துத்தான் சக்கரத்தின் வேகம் மாறும். காற்று இறங்கிய கணத்தில் பார்த்தால் 4 மீ/வியில் 60 வாட் என்று எழுதி வைப்பீர்கள். ஒரு நிமிடச் சராசரி எடுங்கள். 3-இலிருந்து 3.5, 3.5-இலிருந்து 4 என்று அரை மீட்டர்க் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு நிமிடச் சராசரியையும் அதற்குரிய கட்டத்தில் போடுங்கள். ஒரு கட்டத்துக்குப் பத்து நிமிடமாவது சேர்ந்தபின் அதன் சராசரி வாட்தான் உங்கள் காற்றாலையின் உண்மை எண். உயர்ந்த கட்டங்கள் நிரம்ப சீசன் முழுக்க ஆகலாம்.

ஒரு நாள் முழுச் சராசரி வேகத்தை வைத்து வாட் கணக்குப் போடுவதும் தவறும். அரை நாள் 3, அரை நாள் 9 மீ/வி வீசினால் சராசரி 6. அதன் மும்மடி 216. ஆனால் 27-க்கும் 729-க்கும் சராசரி 378. உண்மையில் இருந்த ஆற்றல் ஒன்றே முக்கால் மடங்கு. இதனால்தான் இறுதியில் வாட்-மணி எண்ணை மட்டுமே நம்ப வேண்டும்.

கட்டங்கள் நிரம்பியதும் மேலேயுள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எல்லா வேகத்திலும் பாதிதான் வருகிறதென்றால், ஹெர்ட்ஸை அளந்து ஆர்பிஎம்மும் அதிலிருந்து முனைவேக விகிதமும் கண்டுபிடியுங்கள். 1.2 மீட்டர் சக்கரத்துக்கு ஒரு சுற்றில் நுனி போகும் தூரம் 3.77 மீட்டர். 300 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு ஐந்து சுற்று, 18.9 மீட்டர், காற்று 4 என்றால் விகிதம் 4.7, நல்லது. 3-க்குக் கீழே கிடந்தால் பேட்டரி இழுத்துப் பிடிக்கிறது: டெல்டா மாற்றத்தைப் பற்றி யோசியுங்கள், அல்லது பாதையில் அரை ஓம் தடை போட்டு வாட் ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறினால் சந்தேகமே இல்லை. 6-க்கு மேல் ஓடியும் வாட் குறைவு என்றால் மோட்டார் வோல்ட் போதவில்லை அல்லது இணைப்பில் எங்கோ கரண்ட் தடைபடுகிறது. ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் மில்லிவோல்ட் அளந்து, அதிகம் காட்டும் இணைப்பைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். விகிதம் சரி, வாட் மட்டும் குறைவு என்றால் வேகமானியைச் சந்தேகியுங்கள், அப்புறம் இறக்கையின் நுனிச் சாய்வை ஒரு டிகிரி மாற்றி, பத்துப் பத்து நிமிடமாக மறுபடி நிரப்புங்கள்.